பச்சைப் பெயிண்டுக்கு அடியில் ஒரு தேதி

1941-ஆம் வருஷத்து டயரியில், வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் கீழ் என் கையெழுத்தில் இவ்வளவுதான் இருக்கிறது: "விழுப்புரம். இன்ஜின் பிளாக்கில் பழைய பெயிண்ட் முழுவதும் எடுத்தாயிற்று. வேறு விசேஷம் இல்லை."

பெயிண்ட் எடுத்தது உண்மை. விசேஷம் இல்லை என்பது பொய்.

பதினெட்டு வயதிலிருந்து டயரி எழுதி வருகிறேன். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எந்தப் புத்தகத்தை வாசகசாலையில் என்றைக்கு எடுத்தேன், எந்த லாரிக்கு எப்போது எண்ணெய் மாற்றினேன் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போய், கோயில் சுவரில் எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று வெட்டியிருக்கிறது என்பதை விரலால் தடவிப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவன் நான். அப்படிப்பட்டவன், இரும்பில் தட்டியிருந்த ஒரு தேதியைக் கண்ணால் பார்த்துவிட்டு மறைத்தேன். அதனால் ஒருவருக்கு மூன்று வருஷம் பிழைப்பு போயிற்று.

அந்த நாளில் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் வேலை பார்த்தேன். மண்டிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் இரண்டு லாரிகள் நிற்கும். அவற்றைப் பழுது பார்க்கும் பிட்டர் நான்தான். ஷெட்டுக்குப் பொறுப்பும் நான்தான். 1937 ஆவணியில் முதலாளிக்குக் கார் ஆசை வந்தது. புதுச்சேரியில் ஒரு பழைய கார் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

விற்கிறவர் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இன்ஜின் மரகதப் பச்சையில் பளபளத்தது. ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு இல்லை, தூசி இல்லை. நான் அப்போது மோட்டார் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வரிக்கு வரி படித்து முடித்திருந்த சமயம். இன்ஜினைச் சுத்தமாக வைத்திருப்பவர் வண்டியையும் ஒழுங்காக வைத்திருப்பார் என்று அதில் படித்த ஞாபகம். அதையே என் சொந்த அனுபவம் மாதிரி முதலாளியிடம் சொன்னேன். ஒரு சுரண்டியை எடுத்து அந்தப் பச்சையில் நாலு இடத்தில் கீறிப் பார்த்திருக்க வேண்டும். நான் அதில் என் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி திண்டிவனம் வந்தது. "நம்ம பிட்டரு பாத்து எடுத்த வண்டி" என்று முதலாளி மண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த வார்த்தை என் காதில் விழும்போதெல்லாம் நான் வேறு ஏதோ வேலையில் இருப்பது போல் இருப்பேன்.

டிரைவர் வந்து சேர்ந்தது 1938 தை மாதம். முகையூர்ப் பக்கத்துக் கிராமம். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. அப்பாவும் அண்ணன்மாரும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்து, லாரியில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டக் கற்று, லைசென்சும் வாங்கியிருந்தார். அவர்கள் தெருவில் ஸ்டீரிங் பிடித்த முதல் ஆள் அவர்தான். அப்போது நான் அவரை 'நீ', 'வாப்பா', 'போப்பா' என்றுதான் பேசினேன். எழுதும்போது 'அவர்' என்றுதான் கை போகிறது. அவர் என்னை 'அண்ணே' என்பார்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வண்டிகளைக் கழுவி, இன்ஜினுக்குப் புதிதாக ஒரு கோட்டு பச்சைப் பெயிண்ட் அடிப்போம். பழைய பெயிண்டை எடுக்க மாட்டோம், மேலேயே அடிப்போம். காருக்கு அடிப்பது டிரைவரின் வேலை. மாதா கோயிலுக்குப் போகிறவர் என்பதால் சந்தனம் குங்குமம் வைப்பதை எங்களுக்கு விட்டுவிட்டு, அவர் பிரஷ்ஷை மட்டும் பிடித்துக்கொள்வார். மூலை முடுக்கெல்லாம் ஒரு சொட்டு வழியாமல் அடிப்பார். "எம் பொண்டாட்டிகூட கண்ணுக்கு இப்டி மை தீட்டமாட்டா அண்ணே" என்று ஒரு வருஷம் சொன்னார். அந்தப் பச்சைக்கு அடியில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

1941 சித்திரை கடைசியில், முதலாளி குடும்பம் ஒரு வேண்டுதலுக்காகத் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போயிற்று. காலையில் போய்விட்டு, நல்ல வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் பானெட்டிலிருந்து புகை மாதிரி ஆவி வந்தது. வண்டி நின்றது. அப்புறம் ஒரு ஜோடி மாட்டைப் பூட்டித்தான் அதைத் திண்டிவனத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். முதலாளியம்மா பிள்ளைகளோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. முதலாளிக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

பானெட்டைத் திறந்தேன். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதற்கு இன்ஜின் பிளாக்கில் ஓர் அறை இருக்கும். அதன் வெளிச் சுவரில் நாலு விரற்கடை நீளத்துக்கு வெடித்திருந்தது. பச்சைப் பெயிண்ட் அந்த இடத்தில் உதடு மாதிரி பிளந்திருந்தது.

"தண்ணி பாத்தியாடா?" என்றார் முதலாளி.

"பாத்தேங்க முதலாளி. திருவாமாத்தூருல கெளம்பும்போது ஒரு கொடம், விக்கிரவாண்டியில ஒரு கொடம். ரெண்டு கொடம் ஊத்தினேங்க. அம்மாவே பாத்தாங்க."

"நான் இன்னாத்தப் பாத்தேன்? புள்ள அழுவுதுன்னு அதப் பாத்துக்கினு இருந்தேன்" என்றார் முதலாளியம்மா.

"ரெண்டு கொடம் ஊத்தினா இரும்பு ஏன்டா வெடிக்குது?" முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற?"

அவர் கேட்டது என்னைத்தான். டிரைவரும் என்னைத்தான் பார்த்தார். நான் சொல்லப்போகிறது தனக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்பது போல் நிம்மதியாகப் பார்த்தார்.

"தண்ணி இருந்தா வெடிக்காதுங்க முதலாளி" என்றேன்.

அன்றைக்கு நான் நம்பியதைத்தான் சொன்னேன். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. குற்றம் அடுத்த மாதத்தில் இருக்கிறது.

அவரை நிறுத்திவிட்டார்கள். போகும்போது சர்டிபிகேட் கேட்டார். அந்தக் காலத்தில் டிரைவர் வேலைக்கு லைசென்ஸ் மட்டும் போதாது. முன்பு வேலை பார்த்த இடத்து முதலாளி கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று வேண்டும். அது இல்லாதவனை யாரும் கார் கதவைத் தொட விடமாட்டார்கள். ஷெட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் நான். நான் எழுத, முதலாளி கையெழுத்துப் போட்டார். நேர்மையானவர், குடிப்பழக்கம் இல்லாதவர், மூன்று வருஷம் நான்கு மாதம் வேலை பார்த்தார், இன்ஜினுக்குத் தண்ணீர் பார்ப்பதில் கவனம் போதாது. இதுதான் அதன் சாரம். மாதக் கணக்குவரை சரியாக எழுதியிருந்தேன்.

"நல்லபடியா எழுதியிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"இருக்கிறத எழுதியிருக்கேன்."

அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிளாக்கைக் கழற்றி லாரியில் ஏற்றி விழுப்புரத்துக்குக் கொண்டுபோனேன். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை. ரயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருவர் அதை நடத்தினார். வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டவைப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. வெடிப்பின் மேல் வரிசையாகத் துளை போட்டு, மரை வெட்டி, செம்புத் திருகாணிகளை ஒன்றோடொன்று உரசும்படி முறுக்கி, தலையை அறுத்துத் தட்டிவிடுவார். தண்ணீர் கசியாது. ஆனால் ஒரு நிபந்தனை. பெயிண்ட் ஒரு துளிகூட இருக்கக்கூடாது.

"சட்டையக் கழட்டாம டாக்டரு மாரைப் பாப்பானா? மொதல்ல இதும் பச்சைச் சட்டைய அவுத்துக்கினு வா தம்பி. அப்பறம் இன்னா நோவுன்னு சொல்றேன்" என்றார்.

வேறு ஆளை வைத்துச் செய்திருக்கலாம். எனக்கு அந்த வேலை பிடித்தது, நானே செய்தேன். பாதியாக அறுத்த எண்ணெய்ப் பீப்பாயைக் கல் அடுப்பின் மேல் வைத்து, தண்ணீர் ஊற்றி, சோப்புக் காய்ச்சுகிறவர்கள் வாங்கும் காஸ்டிக் சோடாவைக் கொட்டிக் கொதிக்க வைத்தேன். அலுமினியப் பாகம் எது இருந்தாலும் அந்தத் தண்ணீர் தின்றுவிடும். அதனால் எல்லாவற்றையும் முன்னாலேயே கழற்றிவிட்டேன். முக்காலி நட்டுச் சங்கிலிக் கப்பியில் பிளாக்கைத் தூக்கி உள்ளே இறக்கினோம். புதன்கிழமை இறக்கியது வியாழன் காலையில் வெளியே வந்தது. பெயிண்ட் ஊறி, உப்பி, வெந்த கிழங்குத் தோல் மாதிரி தளர்ந்திருந்தது.

சுரண்டியை வைத்து இழுத்தால் பட்டை பட்டையாக வந்தது. ஒரு பட்டையின் ஓரத்தைப் பார்த்தேன். பச்சைக்குள் பச்சையாக அடுக்குகள் தெரிந்தன. மேலே இருந்தது 1940 ஆயுத பூஜை. அதற்கு அடியில் 39, 38, 37. அதற்கும் அடியில் ஒரு மெல்லிய பச்சை, அது புதுச்சேரிக்காரர் அடித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பட்டையைக் காகிதத்தில் சுற்றி, வருஷங்களை எழுதி, டயரிக்குள் வைத்துக்கொண்டேன். இன்னும் இருக்கிறது, தொட்டால் உதிர்கிறது.

வெடிப்பு இருந்த பக்கத்தை வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மட்டும் பெயிண்ட் தடிப்பாக இருந்தது. சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பட்டி மாதிரி ஒன்று பொடிப்பொடியாக வந்தது. இன்ஜினுக்கு யாரும் பட்டி பூசுவதில்லை. கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். செம்பு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது ஏழு செம்புத் திருகாணிகள் வரிசையாக நின்றன. ஏழாவது திருகாணி முடிந்த இடத்தில்தான் எங்கள் வெடிப்பு ஆரம்பித்திருந்தது.

வரிசைக்கு மேலே, எண் பதிக்கும் உளியை வைத்து யாரோ தட்டியிருந்தார்கள்: 8 36.

இப்படித் திருகாணி போடுகிற பட்டறைக்காரர்கள் வேலை முடித்த மாதத்தையும் வருஷத்தையும் பக்கத்தில் தட்டிவைப்பது வழக்கம். பின்னால் யாராவது குறை சொல்லிக்கொண்டு வந்தால் எப்போது செய்தது என்று தெரிய வேண்டுமே. இதைப் படிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. முப்பத்தாறாம் வருஷம் எட்டாவது மாதம். நான் வண்டியைப் பார்த்து எடுத்தது முப்பத்தேழு. டிரைவர் வேலைக்கு வந்தது முப்பத்தெட்டு.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட இன்னாப்பா இது! இது ஏற்கெனவே வெடிச்ச பிளாக்கு. பழைய வெடிப்புதான் இன்னும் கொஞ்சம் ஓடியிருக்குது. கொடம் கொடமா ஊத்தினாலும் ஒருநாளு ஓடத்தான் செய்யும். எவனோ பட்டி பூசி பெயிண்ட் அடிச்சி உங்க தலையில கட்டிட்டான். எந்த மவராசன் பாத்து எடுத்தான் இந்த வண்டிய?"

"தெரியாதுங்க" என்றேன்.

இந்தக் கதையில் என் முதல் பொய் அதுதான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதைக் காப்பாற்ற வந்தவை.

மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று இருவருமாகப் பிளாக்கைப் புரட்டினோம். திருகாணி இருந்த பக்கம் கீழே, சாக்கின் மேல் படிந்தது. மேலே வந்த பக்கத்தில் இன்னும் பெயிண்ட் மிச்சமிருந்தது. மேஸ்திரி சாப்பிட வீட்டுக்குப் போனார். உச்சி வெயில். நான் உட்கார்ந்து முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "நம்ம பிட்டரு பாத்து எடுத்த வண்டி." அந்த வார்த்தையை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்?

அப்போது டிரைவர் வந்தார்.

ஒரு அரிசி மில்லில் வேலை கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு முந்தின நாள் போன இடத்திலும் அப்படித்தானாம்.

"பிளாக்கு இங்கதான் வந்திருக்குதுன்னு சொன்னாங்கண்ணே. அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எதுனா தெரிஞ்சிதா?"

"இன்னா தெரியணும்?"

"நீங்கதான சொல்லுவீங்க, பெயிண்ட எடுத்தாத்தான் இரும்போட சங்கதி தெரியும்னு. நான் ஊத்தினேண்ணே. சத்தியமா ரெண்டு கொடம். உள்ள வேற எதுனா கோளாறு இருந்திருக்கும். பாத்தீங்கன்னா உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"இன்னும் முழுசா எடுக்கல" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி முக்காலியில் மாட்டினார். என்னிடம் கேட்காமலே இன்னொரு கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு எதிரில் குந்தி உட்கார்ந்தார். "ரெண்டு கையா போட்டா ஜல்தி முடிஞ்சிடும்" என்றார். வேலையில்லாத மனிதர், வேலையை விட்டு நிறுத்திய இடத்தின் இன்ஜினைத் தேய்க்கத் தொடங்கினார். ஒரு மணி நேரம் தேய்த்தார். மூன்று ஆயுத பூஜைக்குத் தன் கையால் அடித்த பெயிண்டைத் தன் கையாலேயே எடுத்தார். பேசிக்கொண்டே இருந்தார். மனைவி இப்போதெல்லாம் தன்னை நம்புவதில்லை என்றார். "மறந்துட்டேன்னு ஒத்துக்கோ, முதலாளி கால்ல உழுந்தா திரும்ப சேத்துக்குவாருன்றா. செய்யாதத எப்டிண்ணே ஒத்துக்கிறது?"

காஸ்டிக் தண்ணீர் ஊறிய பெயிண்ட் விரல் இடுக்கில் தங்கினால் முதலில் வழவழப்பாக இருக்கும். எரிச்சல் பிறகுதான் தெரியும். நான் கையில் சாக்குத் துணி சுற்றியிருந்தேன். அவருக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் கையை உதறியபோதுதான் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்து, ரேகை அழிந்திருந்தது. தொட்டியில் அமுக்கி வெகுநேரம் கழுவச் சொன்னேன். எலுமிச்சம்பழம் வாங்கி வந்து பிழிந்துவிட்டேன். அவருக்கு அது பெரிய உபகாரமாகப் பட்டது.

"இந்தப் பக்கம் ஆயிடுச்சிண்ணே" என்றார். "புரட்டலாமா? அந்தப் பக்கந்தான வெடிச்சிது?"

தனி ஆளால் அந்தப் பிளாக்கைப் புரட்ட முடியாது. நான் ஒரு கை கொடுத்திருந்தால் போதும்.

"அது காலையிலயே ஆயிடுச்சி. ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் பிளாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிண்ணே. நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மேஸ்திரி பழைய வரிசையை ஒட்டி இன்னும் ஐந்து திருகாணி போட்டு, அவர் பங்குக்கு '5 41' என்று தட்டினார். நான் அன்றைக்கே பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். "இன்னா அவசரம்? ஆயுத பூஜைக்கு அடிச்சிக்கோயேன்" என்றார் அவர். சிவப்பு அடிப்பூச்சு ஒரு கோட்டு அடித்து, அது காய்ந்ததும் அதன் மேல் பச்சை இரண்டு கோட்டு அடித்தேன். முதல் பச்சைக் கோட்டுக்குப் பிறகும் அந்த எண்களின் பள்ளம் லேசாகத் தெரிந்தது. இரண்டாவது கோட்டில் மூடிக்கொண்டது.

பிறகு யுத்தத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. முதலாளி காரை ஷெட்டின் மூலையில் நிறுத்திச் சாக்கு போர்த்திவிட்டார். நான் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவேன். டிரைவரைப் பற்றி லாரிக்காரர்கள் மூலம் காதில் விழும். பஸ்ஸில் சேர்க்கவில்லை, இன்னொரு மில்லில் சேர்க்கவில்லை, மூட்டை தூக்குகிறார், ஊரோடு போய்விட்டார். அவருக்கு வேறு ஒரு சர்டிபிகேட் எழுதி அனுப்பினால் போதும் என்று எனக்குத் தெரியும். இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். 42-ஆம் வருஷத்து டயரியில் ஓர் இடத்தில் 'மு. போக வேண்டும்' என்று இருக்கிறது. மு. என்றால் முகையூர். 43-இலும் ஓர் இடத்தில் இருக்கிறது.

1944 மாசியில் காருக்கு ஓர் ஆள் விலை பேசினார். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும்படி மாற்றி வாடகைக்கு விடப்போகிறாராம். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்ஜினு புதுசாட்டம் இருக்குதே" என்றார். பச்சையில் அவர் முகம் தெரிந்தது. அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு திருகாணி, எட்டு முப்பத்தாறு, நான் மேஸ்திரியிடம் சொன்னது, டிரைவரிடம் சொன்னது.

வேலை போகும் என்று நினைத்தேன். முதலாளி மல்லாட்டைப் பருப்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அட, அத அப்பவே சொல்றதுக்கு இன்னாப்பா? பழைய வண்டின்னு தெரிஞ்சிதான வாங்கினோம். நீ இன்னா பெயிண்டுக்குள்ள பூந்து பாத்தியா? அந்தப் பையன அன்னிக்கே திரும்ப கூப்பிட்டிருப்பனே. அவன் போனதுலருந்து ஒருத்தனும் சரியா ஒட்டல, பேஜாரா போச்சு."

மூன்று வருஷம் நான் எதற்குப் பயந்தேனோ அது இவ்வளவுதான்.

வாங்க வந்தவரிடம் முதலாளியே வெடிப்பைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டார். டிரைவருக்குப் புது சர்டிபிகேட் ஒன்று என்னை எழுதச் சொன்னார். இந்த முறை தமிழில் எழுதினேன். வண்டியின் வெடிப்பு பழையது, டிரைவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதினேன். தேதி போடும் இடத்தில் கை நின்றது.

"அவன் வேலய வுட்ட அன்னிக்குத் தேதியே போட்டுடு" என்றார் முதலாளி. "இன்னிக்குத் தேதி போட்டா, மூணு வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்தான்னு கேப்பானுங்க. அவனுக்குத்தான் நஷ்டம்."

அது நியாயமாகத்தான் பட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய்த் தேதியை எழுதினேன்.

விழுப்புரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து வாடகைச் சைக்கிளில் அவருடைய ஊருக்குப் போனேன். வேப்பமரத்து நிழலில் அவர் மனைவி மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் மண்வெட்டியோடு கழனியிலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கண்ணே! தோ, தண்ணி மொண்டா" என்று மனைவியிடம் சொன்னார்.

சீட்டைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். கண் கலங்கிற்று. அப்புறம் விரல் தேதியில் நின்றது.

"இது அன்னிக்கே எழுதினதாண்ணே?"

நான் குனிந்து சைக்கிள் ஸ்டாண்டைச் சரிசெய்தேன்.

"அன்னிக்கே எழுதினதுன்னா இத்தினி நாளா எங்க இருந்தது? மொத சீட்ட எங்க வாத்தியாருகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். அதுல வேற மாரி இருந்தது. அதுவும் உங்க கையெழுத்துதான்."

பொய்த் தேதி அவருக்கு உதவும் என்று நினைத்துப் போட்டது. அதுதான் என்னை மாட்டிவிட்டது. ஆமாம் என்றால் சீட்டை மூன்று வருஷம் மறைத்தவன் ஆவேன். இல்லை என்றால் எப்போது தெரிந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் வந்து தேய்த்த அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே தெரியும் என்று சொன்னேன். அந்தப் பக்கம் கீழே இருந்தது, அதனால்தான் புரட்டவில்லை என்று சொன்னேன்.

அவர் தன் விரல் நுனிகளைப் பார்த்தார்.

"அதுல தட்டியிருந்த நம்பரு இன்னா?"

"எட்டு, முப்பத்தாறு."

"நான் வந்தது முப்பத்தெட்டு தை." மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? எட்டு முப்பத்தாறாம்."

அந்த அம்மாள் மல்லாட்டை உடைப்பதை நிறுத்தியிருந்தார். "நான்கூட நம்பலியே" என்று அவரிடம் சொன்னார். "மறந்துட்டிருப்ப, ஒத்துக்கோ ஒத்துக்கோன்னு எத்தினி நாளு உன்னப் போட்டு அரிச்சேன்." பிறகு என்னைப் பார்த்தார். "ஏங்க, அந்த நம்பரு தெரியாம இருக்க எத்தினி கோட்டு பெயிண்ட் அடிச்சீங்க?"

"மூணு" என்றேன். "அடியில செவப்பு ஒண்ணு, மேல பச்ச ரெண்டு."

"நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க" என்றார்.

டிரைவர் சீட்டை மடிக்காமல் என்னிடமே நீட்டினார். "இன்னிக்குத் தேதி போட்டு எழுதிக் குடுங்க. எப்ப தெரிஞ்சிது, ஏன் லேட்டுன்னும் எழுதுங்க. பொய்த் தேதிய வெச்சிக்கினு நான் வேல கேக்க மாட்டேன்."

அப்படியே எழுதினேன். பட்டறையில் பார்த்ததையும், மூன்று வருஷம் மறைத்ததையும், மறைத்தது யார் என்பதையும் எழுதினேன். முதலாளி படித்துவிட்டு, "இது ஒனக்குக் குடுக்கிற சர்டிபிகேட்டு மாரி இருக்குது" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். டிரைவரை ஷெட்டுக்கே திரும்ப வரச் சொல்லும்படியும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனபோது டிரைவர் வீட்டில் இல்லை. அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். ஷெட் விஷயத்தைச் சொன்னேன். "சொல்றேன்" என்றார். டிரைவர் வரவில்லை.

1945 ஐப்பசியில் ஒரு மாலை, விழுப்புரத்தில் ரயிலைத் தவறவிட்டுவிட்டுத் திண்டிவனம் ரோட்டில் நின்றிருந்தேன். ஒரு மில் லாரி மெதுவாக வந்து நின்றது. ஸ்டீரிங்கில் அவர் இருந்தார்.

"ஏறுங்க சார்" என்றார்.

ஏறினேன். விக்கிரவாண்டி வரை மழையைப் பற்றியும் கரி விலையைப் பற்றியும் பேசினோம். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு 'சார்' போட்டார். விக்கிரவாண்டியில் வண்டியை ஓரங்கட்டி, குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கி, குடத்தைக் கொடுங்கள், நான் மொண்டு வருகிறேன் என்றேன்.

"வேணாம் சார்" என்றார். "நானே பாத்துக்கிறேன்."

ரேடியேட்டரில் தண்ணீர் வழிந்து ரோட்டில் ஓடும்வரை ஊற்றினார். மறுபடியும் போய் இன்னொரு குடம் கொண்டு வந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு குடம். அன்றைய டயரியில் அதை எழுதியிருக்கிறேன்.